பூஞ்சை பிடித்த சுவர்: செலவு யாருடையது?

கேள்வி: வாடகை வீட்டில் படுக்கையறைச் சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சை. சுவரின் மறுபக்கம் குளியலறை. "ஜன்னலைத் திறப்பதில்லை, ஈரத்துணியை உள்ளே காயப்போடுகிறீர்கள், பெயின்ட் செலவை அட்வான்ஸில் பிடிப்பேன்" என்கிறார் உரிமையாளர். இது சரியா? (வாசகி, தாம்பரம்)

பதில்: ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அட்வான்ஸில் கைவைப்பது நியாயமே இல்லை. கறை உள்ள இடத்தைத் துடைத்துவிட்டு, ஒன்றரை அடிச் சதுரத்தில் பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டுக் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துத் தாளுக்கும் சுவருக்கும் நடுவே நீர் கோத்திருந்தால் சுவருக்குள் கசிவு. வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அறைக்காற்றின் ஈரம். அப்போது உரிமையாளர் சொல்வதில் உண்மை உண்டு.

கசிவு என்றால், முடிந்தவரை ஒரு வாரம் அந்தக் குளியலறையைப் புழங்காமல் வைத்து மறுபடி தாளை ஒட்டுங்கள். ஈரம் குறைந்தால் டைல்ஸ் இடுக்கையும் தரையையும் பார்க்க வேண்டும். கொஞ்சமும் குறையவில்லை என்றால் சுவருக்குள் போகும் தண்ணீர்க் குழாய்மேல்தான் சந்தேகம்.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் (2017) இரண்டாம் அட்டவணைப்படி கட்டடப் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது எல்லாம் உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு உங்கள் பொறுப்பு. அடைப்பை எடுக்காமல் தண்ணீர் தேங்கிச் சுவர் ஊறியிருந்தால் செலவு உங்கள் தலையில்தான். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

தேதி தெரியும் படங்களோடு உரிமையாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வாய்ப்பேச்சு பின்னால் நிற்காது. எழுதிக் கேட்டும் மறுத்தால் நீங்களே வேலையை முடித்து வாடகையில் கழிக்கச் சட்டம் இடம் தருகிறது, ஆனால் ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கூடாது. பில் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கழிக்காதீர்கள், வாடகை பாக்கி என்று அதையே உங்கள்மேல் திருப்புவார்கள். தகராறு முற்றினால் வாடகை அதிகாரியிடம் போகலாம்.

கேள்வி: பிளீச்சிங் பவுடர் போட்டால் போதாதா?

பதில்: சிமென்ட் பூச்சில் அது நிறத்தை மட்டும் வெளுக்கும், உள்ளே இருப்பது மறுபடி முளைக்கும். ஆசிட்டோடு மட்டும் சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். முகக்கவசம் போட்டு, சோப்புத் தண்ணீரால் நனைத்த பிறகே தேயுங்கள். உலர்ந்த பூஞ்சையைத் தட்டினால் தூளாகப் பறந்து மூச்சில் ஏறும். தட்டிப் பார்த்துப் பொள்ளலாகச் சத்தம் கேட்கும் பூச்சைக் கொத்தனாரை வைத்துப் பெயர்த்துவிட வேண்டும். கசிவை அடைத்தபின் பிளாஸ்டிக் தாள் சோதனையில் சுவர் காய்ந்தது உறுதியாகும்வரை பட்டி பார்க்கவோ பெயின்ட் அடிக்கவோ விடாதீர்கள். ஈரச்சுவரில் அடித்தது சில மாதங்களிலேயே கொப்பளித்து உரியும். பீரோவைத் திரும்பப் போடும்போது சுவரிலிருந்து நான்கு அங்குலம் தள்ளியே போடுங்கள்.