கருணையை மாமியிடம் தொடங்காதீர்கள்

கேள்வி: கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிள்ளைக்காம்பராவில் (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) வேலை செய்கிறேன். போயா (பௌர்ணமி) நாட்களில் விகாரைக்குப் போய், எல்லாருக்கும் நன்மை சேரட்டும் என்று நினைக்கும் மைத்திரி தியானம் பழகினேன். ஆறு மாதமாக, பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள் கூடும் நேரம்) முன்னால், விடியற்காலையில் அரை மணித்தியாலம் உட்காருகிறேன். அது நன்றாகவே போகிறது. இரண்டு மாதத்துக்கு முன், பிறர் துன்பம் நீங்கட்டும் என்று நினைக்கும் கருணைத் தியானத்துக்கு மாறினேன். மைத்திரியைப் போலவே என்னில் தொடங்கி, அடுத்ததாக, பாரிசவாதத்தில் விழுந்து இரண்டு வருஷமாகப் படுக்கையில் இருக்கும் என் மாமியை நினைக்கிறேன். ஐந்து நிமிஷத்தில் அழுகை வந்துவிடுகிறது. அன்று முழுக்க நெஞ்சு பாரம். பின்னேரம் பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன். என்னை எல்லாருக்கும் முன்னால் அவமானப்படுத்திய ஒருவரை நினைத்தாலோ எதுவுமே வருவதில்லை. கருணை எனக்கு ஒத்துவராதா?

பதில்: ஒத்துவரும். நீங்கள் எடுத்துக்கொண்ட வரிசைதான் பிழை. மைத்திரியின் வரிசையை அப்படியே கருணைக்கும் போட்டுக்கொள்வது பலரும் செய்வதுதான்.

தேரவாத மரபில் இந்தப் பயிற்சியைப் படிப்படியாக விளக்குவது, 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுர மகாவிகாரையில் இருந்து புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம். அதன் 9ஆம் அத்தியாயம் மைத்திரி, கருணை, முதிதை (பிறர் நலம் கண்டு மகிழ்தல்), உபேட்சை (சமநிலை மனம்) ஆகிய நான்கையும் பற்றியது. மைத்திரியை அது தன்னிலிருந்து தொடங்கச் சொல்கிறது. நான் சுகத்தை விரும்புவதுபோல மற்றவரும் விரும்புகிறார் என்பதற்கு நம் மனமே சாட்சி, அதனால். கருணைக்கு அந்தச் சாட்சி போதாது. துன்பம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். எனவே முதல் ஆள் நீங்களும் இல்லை, உங்களுக்கு வேண்டியவரும் இல்லை. கதியற்றுக் கிடக்கும் ஒருவர். கைகால் இழந்து, முன்னால் ஒரு பிச்சைப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு, சத்திரத்தில் முனகியபடி இருப்பவரை அந்நூல் காட்டுகிறது. அன்புக்குரியவரை முதலில் எடுத்தால் அவர் ‘அன்புக்குரியவர்’ என்ற இடத்திலேயே நின்றுவிடுவார், துன்பப்படும் ஓர் உயிராகத் தெரியமாட்டார் என்பது அதன் காரணம். மாமியிடம் உங்களுக்கு நடப்பது அதுதான். அவரை நினைத்தவுடன் கூடவே வருபவை எத்தனை! இரவு விழிப்பு, வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம், நேற்றுச் சத்தம் போட்ட குற்ற உணர்வு, இன்னும் எத்தனை வருஷம் என்ற கேள்வி. இவற்றில் மாமியின் வலி எங்கோ ஓரத்தில் கிடக்கிறது.

அந்த அழுகைக்கும் நூலில் பெயர் உண்டு: வீட்டைச் சார்ந்த துயரம். கருணையின் ‘அருகிலிருக்கும் எதிரி’ அது. தூரத்து எதிரி கொடுமை. மலைக்காட்டில் ஒளிந்திருக்கும் பகைவனைப் போல, அதை அடையாளம் காண்பது சுலபம். அருகிலிருப்பவன் கருணையின் சட்டையையே போட்டுக்கொண்டு வருவான். பிரித்தறிய ஒரு வழி: அழுகை வரும்போது மனதில் ஓடும் வாக்கியம் எதுவென்று பாருங்கள். “அவருக்கு வலிக்கிறதே” என்று ஓடினால் கருணை. “என்னால் தாங்க முடியவில்லையே” என்று ஓடினால் துயரம். துயரம் களைப்பைத் தரும், களைப்பு எரிச்சலாகும். பின்னேரம் பிள்ளைகள் வாங்கிக் கட்டிக்கொள்வது காலையில் சேர்ந்த கணக்கு. கொடுமை அடங்கினால் கருணை கைகூடியது, சோகம் பிறந்தால் தவறியது. நூல் சொல்லும் அளவுகோல் இதுதான்.

இனி செய்முறை. உங்கள் அரை மணித்தியாலத்தில் முதல் 10 நிமிஷம் பழகிய மைத்திரிக்கே. அதை விட்டுவிட்டுக் கருணைக்கு ‘மாறியது’ இரண்டாவது பிழை. மைத்திரி நன்மை சேரட்டும் என்கிறது. கருணை துன்பம் நீங்கட்டும் என்கிறது. முன்னது ஈரமாக்கிய மண்ணில்தான் பின்னது வேர் பிடிக்கும்.

அடுத்த 12 நிமிஷத்துக்கு ஓர் ஆளைத் தேர்ந்துகொள்ளுங்கள். உயிரோடு இருப்பவர், பெண், சொந்தமில்லாதவர், கஷ்டத்தை நீங்களே கண்ணால் கண்டவர். ஹட்டன் பஸ் நிலையத்தில் கை நீட்டியபடி உட்கார்ந்திருக்கும் ஒரு மூதாட்டி போதும். அவருடைய முழு வாழ்க்கையையும் கற்பனை செய்யாதீர்கள், அது கதையாகிவிடும். ஒரே ஒரு விபரம்: வெடித்த குதிகால், அல்லது குளிரில் நடுங்கும் அந்தக் கை. அதைப் பார்த்தபடி, “இந்த உயிருக்கு எவ்வளவு கஷ்டம். இதிலிருந்து விடுபட்டால் எவ்வளவு நல்லது” என்று சொல்லுங்கள். பாளியில் ‘கிச்சம் வதாயம் சத்தோ ஆபன்னோ, அப்பேவ நாம இமம்ஹா துக்கா முச்சேய்ய’. பாளியோ சிங்களமோ வாயில் ஓடி மனதில் படாவிட்டால் விட்டுவிடுங்கள், தமிழிலேயே சொல்லலாம். மூன்று நாலு மூச்சுக்கு ஒருமுறை போதும். வேகமாகச் சொன்னால் வெறும் ஜெபமாகிவிடும். முதல் பாதி துன்பத்தைப் பார்ப்பது, இரண்டாம் பாதி விடுதலையை விரும்புவது. முதல் பாதியிலேயே நின்றுவிடுகிறவர்கள்தான் அழுகிறார்கள். இரண்டாம் பாதியைச் சொல்லும்போது அந்தக் கை சூடாகி நடுக்கம் நிற்பதை மனக்கண்ணில் காணுங்கள்.

கண்ணீர் வந்தால் அடக்க வேண்டாம், வளர்க்கவும் வேண்டாம். கண்ணைத் திறந்து, பாதம் தரையில் படும் இடத்தைக் கவனித்து மூன்று மூச்சு விடுங்கள், மைத்திரிக்குத் திரும்புங்கள். மூன்று நாள் தொடர்ந்து இப்படி ஆனால் அந்த ஆள் உங்களுக்கு இப்போது பாரம் அதிகம் என்று அர்த்தம். சின்னக் கஷ்டத்தில் இருப்பவரை எடுங்கள். காய்ச்சலில் சிணுங்கும் குழந்தைகூடப் போதும்.

மிச்சமிருக்கும் 8 நிமிஷமும் உபேட்சைக்கு. “அவரவர் வினைக்கு அவரவரே உரியவர், நான் விரும்புவதால் மட்டும் எல்லாம் மாறிவிடாது.” இதைக் கல்நெஞ்சு என்று தவிர்க்கிறவர்கள் உண்டு. கண்டி உடவத்தகலைக் காட்டுக் குடிலில் வாழ்ந்த ஞானபோனிக தேரர் (1901–1994) இதைக் கருணைக்குக் காவலாகவே விளக்கினார்: உபேட்சை இல்லாத கருணை உணர்ச்சிச் சுழலில் வழி தவறும். எழுந்தவுடன் பாரம் இருக்கக்கூடாது, சற்று லேசாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் கருணைக்கான நேரத்தைப் பாதியாக்குங்கள்.

மூதாட்டியிடம் மனம் தடங்கலின்றி நிற்கத் தொடங்கிய பிறகே மாமி. மூன்று வாரமாகலாம், இரண்டு மாதமாகலாம், அவசரமில்லை. அதுவரை அவருக்கான கருணையைத் தியானத்தில் தேடாதீர்கள், கையில் வையுங்கள். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைப்பீர்கள் அல்லவா? தொடும் முன் ஒரு மூச்சு நில்லுங்கள். தோளையும் இடுப்பையும் பிடித்து உங்கள் பக்கமாகச் சாய்க்கும்போது முகத்தைப் பாருங்கள், எங்கே சுளிக்கிறதென்று. அந்த இடத்தில் கையின் வேகம் தானாகக் குறைந்தால், அதுதான் நீங்கள் தேடிய கருணை. இன்னொன்று: தினமும் தனியாகப் புரட்டினால் தியானம் உங்கள் முதுகைக் காப்பாற்றாது. வீட்டு ஆம்பிளைகளையும் கூப்பிடுங்கள்.

மாமிக்குப் பிறகு விருப்பு வெறுப்பில்லாத ஒருவர், முகம் மட்டும் தெரிந்த கடைக்காரப் பெண்ணைப் போல. அதற்கும் பிறகுதான் அவமானப்படுத்தியவர். இன்று அவரிடம் ஒன்றும் வராதது குறையே அல்ல. நேரம் வரும்போது உதவ அந்நூலில் ஓர் உவமை இருக்கிறது. தீமை செய்துவிட்டுச் சந்தோஷமாகத் திரிபவனை, கொலைக்களத்துக்கு நடத்திச் செல்லப்படும் கைதியாகப் பார்க்கச் சொல்கிறது. வழியில் சனங்கள் அவனுக்குப் பூவும் சாப்பாடும் வெற்றிலையும் கொடுக்கிறார்கள். அவன் மென்றுகொண்டே போகிறான். யாரும் அவனைப் பாக்கியசாலி என்பதில்லை. ஆனால் “பட்டுத் தெரிந்துகொள்வான்” என்ற நினைப்பு உள்ளுக்குள் இனித்தால் உடனே நிறுத்துங்கள். அது பழிவாங்கல். மைத்திரிக்குத் திரும்பி, அவரிடம் இருக்கும் ஒரு நல்ல பழக்கத்தை மட்டும் தேடுங்கள்.

நீங்கள் முதலில் வைத்த ‘நான்’ கடைசியில்தான் வருகிறது. அந்நூலின் இன்னோர் உவமை: தான், வேண்டியவர், விருப்பு வெறுப்பில்லாதவர், பகைவர் என நால்வரும் உட்கார்ந்திருக்க, கொள்ளையர் வந்து பலிக்கு ஒருவரைக் கேட்கிறார்கள். “அவனைக் கொண்டுபோ” என்று நினைத்தால், இந்த நால்வருக்கும் இடையில் மனம் போட்ட எல்லை உடையவில்லை. “என்னைக் கொண்டுபோ, அவர்களை விடு” என்று நினைத்தாலும் உடையவில்லை என்கிறது நூல். இதைப் படித்ததும் பலர் திகைப்பார்கள், குறிப்பாக வீட்டுக்காகத் தேய்ந்தே பழகிய பெண்கள். பலிக்குக் கொடுக்கத்தக்கவர் நால்வரில் ஒருவருமில்லை என்று தெரியும்போதே எல்லை உடைகிறது.

ஒரு எச்சரிக்கை. தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், செத்தால் நல்லது என்ற நினைப்பு வந்தால் இந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கும் பேசலாம். அதுவரை எட்டாவிட்டாலும், பின்னேரம் வீட்டுக்கு வந்தவுடன் பிள்ளைகளோடு பேசும் முன், பத்து நிமிஷம் ஒரு சாயத்தண்ணியோடு வாசலில் உட்காருங்கள். எரிச்சல் எந்தெந்த நாளில் வருகிறதென்று கலண்டரில் குறித்துவைத்து, அடுத்த போயாவில் எண்ணிப் பாருங்கள்.