தெருவை மாற்றிக் கட்டப் போகிறார்கள்: கருத்துக்கேட்புக்கு முன் கேள்வி பதில்

நடப்பவர்களும் வண்டிகளும் ஒரே தளத்தைப் பகிரும்படி குடியிருப்புத் தெருவை மாற்றி அமைக்கும் திட்டம். கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் கேட்டவையும், சாலை வடிவமைப்பு அறிந்த ஒருவரின் பதில்களும்.

ஐயா, வரைபடத்தை விரித்து வைப்பார்கள். முதலில் எதைப் பார்ப்பது?

மேலிருந்து பார்க்கும் வண்ணப் படத்தில் மரமும் இருக்கையும்தான் தெரியும். தெருவைக் குறுக்கே வெட்டிப் பக்கவாட்டில் பார்ப்பதுபோல் வரைந்த குறுக்குவெட்டுப் படத்தைக் கேளுங்கள். அதில் மூன்று மட்டங்கள் வேண்டும்: இப்போதைய சாலை, வேலை முடிந்தபின் சாலை, உங்கள் வாசற்படி. பழைய தாரின் மேலேயே 80 மி.மீ. பேவர் கல்லும் அதன் அடியில் 30 மி.மீ. மணலும் போட்டால் தெரு 110 மி.மீ. உயரும். தாழ்வான வாசல் உள்ள வீட்டுக்குள் முதல் பெருமழையே நுழையும். பழைய தளத்தைத் தோண்டி எடுத்த பிறகே புதியது என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்து வாட்டம். 6 மீட்டர் அகலத் தெருவை 2.5% வாட்டத்தில் ஒரே பக்கம் சரித்தால் இரு ஓரங்களுக்கும் 150 மி.மீ. வித்தியாசம் வரும், தாழ்ந்த பக்கத்து வீடுகள் எல்லாத் தண்ணீரையும் வாங்கிக்கொள்ளும். நடுவில் வடிகால் வைத்து இருபுறமிருந்தும் சரித்தால் 75 மி.மீ. போதும், சுவரோரம் காய்ந்திருக்கும். இரண்டில் எது என்று கேளுங்கள்.

பேவர் கல் போட்ட இடமெல்லாம் சீக்கிரமே பள்ளமாகிறதே, ஏன்?

கல்லைக் குறை சொல்லிப் பயனில்லை, அடியைப் பாருங்கள். குழாய்க்காகத் தோண்டிய பள்ளத்தை ஒரேயடியாக மண் தள்ளி மூடியிருப்பார்கள். 150 மி.மீ. அடுக்காகப் போட்டு ஒவ்வொன்றையும் கெட்டிக்க வேண்டும். ஜல்லித் தளத்தின் மேடுபள்ளத்தை மணலால் நிரவுவது இன்னொரு தவறு. மணல் 25 முதல் 40 மி.மீ.க்குள் ஒரே சீராக இருந்தால்தான் சக்கரத் தடம் விழாது. ஓரத்தில் கான்கிரீட் பிடிமானம் இல்லையென்றால் கற்கள் வெளியே நகர்ந்து இடைவெளி விரியும், மணல் கரைந்து போகும். வண்டி பிரேக் பிடிக்கும்போது கற்கள் தள்ளப்படாமலிருக்க மீன்முள் அமைப்பில், அதாவது கற்கள் மாறி மாறிச் செங்கோணத்தில் பூட்டிக்கொள்ளும்படி, அடுக்கச் சொல்லுங்கள். 60 மி.மீ. கல் நடைபாதைக்கு மட்டும்.

குடிநீர், கழிவுநீர், மின்கம்பி வேலைகள் கல் பதிக்கும் முன்பே முடிய வேண்டும். அந்தக் கால அட்டவணையும் எழுத்தில் வேண்டும்.

என் காரை எங்கே நிறுத்துவது?

இரவு 11 மணிக்கும் காலை 6 மணிக்கும் தெருவில் நிற்கும் வண்டிகளை எண்ணி, தேதியோடு கொண்டு போங்கள். எண்ணிக்கை இல்லாத புகார் கூட்டக் குறிப்பேட்டில் ஒரு வரியாகத்தான் நிற்கும்.

வேகத்தடை நான்கு போட்டால் போதாதா?

போதாது. தடைக்கும் தடைக்கும் நடுவே மறுபடி முடுக்குவார்கள். காய்ந்த தளத்தில், சுதாரிக்க 1 நொடி என்று கொண்டால், 30 கி.மீ. வேகத்தில் வண்டி நிற்க ஏறக்குறைய 13 மீட்டர் ஆகும், 50 கி.மீ.யில் 28 மீட்டர். நேராக நீளமாகத் தெரியும் தெருவில் கால் தானாக அழுத்தும். நிறுத்துமிடங்களை இடமும் வலமும் மாற்றி வைத்துப் பாதையை வளைப்பதே நிலையான வழி.

எனக்குப் பார்வை இல்லை. நடைபாதை ஓரத்தில் உயர்ந்து நிற்கும் கர்ப் கல்லை எடுத்துவிட்டால் சாலை எங்கே தொடங்குகிறது என்று எப்படி அறிவேன்?

இந்தத் திட்டத்தின் கனமான கேள்வி இதுதான். நெதர்லாந்தில் இவ்வகைத் தெருக்களுக்கு 1976இல் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. நடப்பவரும் ஓட்டுநரும் கண்ணோடு கண் பார்த்து விலகுவார்கள் என்று இதற்கு ஆதரவானவர்கள் வாதிடுவது வழக்கம். பார்வையற்றவருக்கு அந்த வழி அடைபட்டது. பிரிட்டனில் இதே எதிர்ப்பு வலுத்து, 2018இல் சமதளப் பகிர்வுத் திட்டங்களை நிறுத்திவைக்க அரசு சொன்னது. கர்ப் கேளுங்கள், உயரம் 60 மி.மீ.க்குக் குறைந்தால் கோலுக்கும் காலுக்கும் நம்பகமாகத் தட்டுப்படாது.

அண்ணா, நான் சக்கர நாற்காலியில் போகிறவன். அந்த 60 மி.மீ. எனக்குச் சுவர். எங்களை விட்டுவிட்டீர்களா?

இல்லை தம்பி. 60 மி.மீ. ஏற 1:12 சாய்வில் 720 மி.மீ. நீளம் போதும். கடக்கும் இடங்கள்தோறும், வாகன வாசல்கள்தோறும் அந்தச் சரிவு வேண்டும்.

சரிவு வைத்த இடத்தில் எனக்கு மறுபடி கர்ப் இல்லையே! (முன்பு கேட்டவர்)

சரியான மறுப்பு. அங்கே தொடுதரைக் கல், அதாவது காலுக்கும் கோலுக்கும் தட்டுப்படும் புடைப்புள்ள கல், பதிக்க வேண்டும், ஒரே காலடியில் தாண்டிவிட முடியாத அகலத்தில். நிறமும் தளத்திலிருந்து வேறுபட வேண்டும், ஓரளவு பார்வை உள்ளவர்களுக்காக. இன்னொன்று, சுவரையொட்டி வண்டி ஏறாத 1.8 மீட்டர் பட்டை, தெரு முழுக்க அறுபடாமல். இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடக்கவும் அது போதும். நீங்கள் இருவரும் தனித்தனியே பேசினால் ஒருவர் கோரிக்கையைக் காட்டி மற்றவருடையதைத் தள்ளிவிடுவார்கள். ஒரே மனுவில் இருவரும் கையெழுத்திடுங்கள்.

விருந்தினர் வண்டிக்கு இடம்?

மேலே பதில் இருக்கிறது. எண்ணுங்கள்.

எங்கள் வீட்டில் இரண்டு கார்கள்...

எண்ணுங்கள், அம்மா.

தீயணைப்பு வண்டி வருமா?

3.7 மீட்டர் தடையற்ற அகலம் வேண்டும் என்று கேளுங்கள். வளைவில் அதிகம் வேண்டும். பூந்தொட்டி, குறுங்கம்பம் எல்லாம் அந்த அகலத்துக்கு வெளியே.

வீட்டின் விலை ஏறுமா?

என் துறையில்லை.

எங்கள் வாசல் தாழ்வு. தண்ணீர் வருமா?

முதல் பதிலைப் படியுங்கள். குறுக்குவெட்டு, வாசற்படி மட்டம், எழுத்தில்.

மூன்று நிமிடம்தான் பேச விடுவார்களாம். என்ன பேசுவது?

கெடு தேதிக்கு முன்பே மனுவாகக் கொடுத்து ஒப்புகை வாங்கிவிடுங்கள். பேச்சு அதன் சுருக்கம். “திட்டம் வேண்டாம்” என்பதற்கு யாரும் படத்தை மாற்ற மாட்டார்கள். “இந்தக் குறுக்குவெட்டில் முடிந்த மட்டம் என் வாசலுக்கு 150 மி.மீ. கீழே இருக்க வேண்டும்” என்றால் ஆமாம், இல்லை என்று பதில் சொல்லியாக வேண்டும். உட்காரும் முன், அதைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டார்களா என்று வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.