இலவசமாக வந்த எஸ்.எம்.பி.எஸ்.: நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: கல்லூரியில் சேரும் மகனுக்கு, கேம் விளையாடவும் ஏற்றதாக, அறுபதாயிரம் ரூபாய்க்குள் கம்ப்யூட்டர் அமைத்துத் தர விரும்புகிறேன். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ஒரு கடைக்காரர், ‘ஐ7 பிராசசர், 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு’ என்று இருபத்தைந்தாயிரத்துக்கே தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா? (அல்சூர் வாசகர்)

பதில்: வேண்டாம். ஐ7 என்பது வரிசையின் பெயர். அது பிராசசரின் வயதைச் சொல்வதில்லை. 2011-இல் வந்த ஐ7-2600-உம் ஐ7தான். அந்த விலைக்குப் பெரும்பாலும் கிடைப்பது, ஏதோ ஓர் அலுவலகம் கழித்துப் போட்ட அப்படிப்பட்ட ஒன்றே. விண்டோஸ் 11, இன்டெலின் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசசர்களைப் பொதுவாக ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ‘4 ஜிபி கார்டு’ என்பது 2014-இல் வந்த ஜிடி 730 ஆக இருந்தால், அந்த நான்கு ஜிபியால் பயனில்லை. குடத்தைப் பெரிதாக்கினால் குழாயில் தண்ணீர் வேகமாக வந்துவிடாது.

அறுபதாயிரத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கைக் கிராபிக்ஸ் கார்டுக்கு ஒதுக்குங்கள். பிராசசருக்கு ஆறு கோர் கொண்ட ரைசன் 5 5600 போதும். அதற்கான ஏஎம்4 மதர்போர்டில் டிடிஆர்4 ரேம் மட்டுமே பொருந்தும் என்பதால், சலுகை என்று யாராவது டிடிஆர்5 ரேமை நீட்டினால் வாங்கிவிடாதீர்கள். மானிட்டர் அறுபதாயிரத்தில் அடக்கமா இல்லையா என்று நீங்கள் எழுதவே இல்லை. கடைக்குப் போவதற்கு முன் அதைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரே 16 ஜிபி ரேமா, இரண்டு 8 ஜிபி ரேமா? (விவேக் நகர்)

பதில்: இரண்டு எட்டு.

கேள்வி: ஐ3-12100எஃப் பிராசசர் வாங்கினேன். கிராபிக்ஸ் கார்டை அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். எல்லாவற்றையும் பொருத்தியும் திரையில் படம் வரவில்லை. மதர்போர்டு பழுதா? (பானஸ்வாடி)

பதில்: பழுதில்லை. பெயரின் இறுதியில் இருக்கும் ‘எஃப்’ என்ற எழுத்துக்கு, உள்ளே கிராபிக்ஸ் வசதி இல்லை என்பதே பொருள். பணம் கொடுப்பதற்கு முன் பெட்டியைத் திருப்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அடுத்த மாதம் வரை காத்திருங்கள்.

கேள்வி: கேபினட்டுடன் 500 வாட் எஸ்.எம்.பி.எஸ். (கம்ப்யூட்டரின் பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி) இலவசம் என்கிறார்கள். தனியாக வாங்கச் சொல்லி நண்பர் வற்புறுத்துகிறார். அது வீண் செலவல்லவா? (லிங்கராஜபுரம்)

பதில்: உங்கள் நண்பரை விட்டுவிடாதீர்கள். 2014-இல் நானும் இதே கேள்வியைக் கேட்டேன். என்னிடம் ‘வீண் செலவு’ என்று சொன்ன கடைக்காரரை நம்பினேன். பதினோராம் மாதத்தில், மின்வெட்டு முடிந்து விளக்கு வந்த ஒரு மாலையில், பட்டாசு வெடித்ததுபோல் ஒரு சத்தம் கேட்டது, தீய்ந்த வாடை வீடெங்கும் பரவியது, எஸ்.எம்.பி.எஸ். தான் மட்டும் போகாமல் மதர்போர்டையும், பிள்ளைகளின் படங்கள் இருந்த ஹார்ட் டிஸ்கையும் கூடவே கொண்டுபோயிற்று. அதன் பிறகுதான் அதன் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். மேலே ‘500’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். கீழே, பொடி எழுத்தில், 12 வோல்ட் வரிசைக்கு 14 ஆம்பியர் என்றிருந்தது. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். பன்னிரண்டும் பதினான்கும் 168. பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் அந்த 12 வோல்ட் வரிசையிலிருந்தே மின்சாரம் எடுக்கின்றன என்பதால், மேலே அச்சிட்ட 500 வெறும் அலங்காரம். ஒழுங்கான 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். ஒன்றில் அதே இடத்தில் 45 ஆம்பியர் அளவில் இருக்கும். கையில் எடுத்துப் பார்த்தாலும் வேறுபாடு தெரியும்: இலவசமாக வந்தது தேங்காய் மூடி கனம்கூட இருக்காது. ‘80 பிளஸ்’ முத்திரையை மட்டும் பார்த்து வாங்கவும் கூடாது. அது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைச் சொல்லுமே தவிர, உள்ளே பாதுகாப்புச் சுற்றுகள் இருக்கின்றனவா என்று சொல்லாது. ஐந்தாண்டு வாரண்டி தரும் கம்பெனியாகப் பார்த்து வாங்குங்கள். காசு போதவில்லையென்றால் விளக்கு மின்னும் கண்ணாடிக் கேபினட்டை விட்டுவிடுங்கள். தகர டப்பாவில் வைத்தாலும் கேம் ஓடும்.

கேள்வி: வார இறுதிகளில் வேலை செய்து சேர்த்த பணத்தில் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டு புதிதாக வாங்கினேன். டிரைவர் ஏறவில்லை. ஜிபியு-இசட் மென்பொருளில் பெயருக்கு முன்னால் ‘போலி’ என்று காட்டுகிறது. பில்லில் ‘கிராபிக்ஸ் கார்டு 1’ என்று மட்டும் இருக்கிறது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற முத்திரையைக் காட்டித் துரத்துகிறார்கள். (ஸ்ரீராமபுரம் மாணவர்)

பதில்: தம்பி, இதில் உங்கள் தவறு எதுவுமில்லை. பழைய ஜிடிஎக்ஸ் 550 டிஐ போன்ற கார்டின் பயாஸை, அதாவது அதனுள்ளே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளை, மாற்றி எழுதி, புதிய பெயர் சூட்டி விற்கும் இந்த வித்தையில் விவரம் தெரிந்தவர்களே ஏமாந்திருக்கிறார்கள். கார்டின் பின்புறத்தில் நீல நிறத்தில் பதினைந்து துளை கொண்ட விஜிஏ இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். 1050 டிஐ கார்டின் சில்லில் விஜிஏ-வுக்குத் தேவையான அனலாக் வெளியீடே கிடையாது என்பதால், அந்த இணைப்பு உங்களுக்கு இன்னொரு சாட்சி.

அந்த முத்திரைக்குப் பயப்பட வேண்டாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பது முறையற்ற வணிகச் செயலாகும். பில்லில் கால வரம்பு குறிப்பிடாவிட்டால் முப்பது நாள். ஆகவே இன்றே திரைக் காட்சியையும் கார்டின் இரு பக்கங்களையும் படமெடுத்து, கடைக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். அதே நாளில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள், தமிழிலேயே பேசலாம். அப்படியும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது: ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் போனால் போதும். கார்டை மட்டும் ‘சரிபார்த்துத் தருகிறோம்’ என்று கேட்டால், எழுத்தில் ரசீது வாங்காமல் கொடுத்துவிடாதீர்கள். என்ன நடந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.

கேள்வி: வீட்டில் 600 விஏ யுபிஎஸ் இருக்கிறது. புதிய கேமிங் கம்ப்யூட்டருக்கும் அதையே வைத்துக்கொள்ளலாமா? (கே.ஆர். புரம்)

பதில்: 600 விஏ என்று விற்கப்படுபவற்றில் பல 360 வாட் மட்டுமே தாங்கும். கேம் ஓடும்போது மின்சாரம் போனால், சேமிப்பதற்குள் அலறிவிட்டு அணைந்துவிடக்கூடும். வைஃபை ரௌட்டருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.