நீலப் புகை – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

டெக்சாஸில் 14 ஆண்டுகள் இருந்துவிட்டு இப்போது தங்கச்சிமடம் பக்கம் வீடு கட்டிக் குடிவந்திருக்கிறேன். அங்கே பயன்படுத்திய பெல்லட் கிரில்லையும் (அழுத்திய மரத்தூள் குச்சிகளை எரித்துச் சுடும் அடுப்பு) கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தேன். சீலா மீனுக்கு ஹிக்கரி, ஆப்பிள், மெஸ்கீட் என்ற மூன்று மரங்களில் எந்த மரத்தின் பெல்லட் பொருந்தும்? எதைப் போட்டாலும் ஒரே ருசிதான் என்கிறாள் மனைவி. கொண்டுவந்த மூட்டைகளும் கடற்காற்றில் உதிர்கின்றன. கொதிகலனுக்கு விற்கும் உள்ளூர் பெல்லட்டைப் போடலாமா? அமெரிக்க மின்னழுத்தத்துக்குச் செய்த கருவிக்கு எந்த மின்மாற்றி நல்லது? வீட்டைச் சுற்றி மண்டியிருந்த சீமைக்கருவேலத்தை வெட்டிக் குவித்துக் கொளுத்திவிட்டேன் என்பதையும் மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

ஆர்.

அன்புள்ள தம்பி,

கடைசி வரியை முதலில் எழுதியிருந்தால் மற்றதை வாசித்திருக்கவே மாட்டேன். மெஸ்கீட் மூட்டையைக் கடல் கடந்து சுமந்துவந்த மனிதர், அதன் ஒன்றுவிட்ட தம்பியை வாசலில் போட்டுக் கொளுத்தியிருக்கிறீர்கள். டெக்சாஸ் மெஸ்கீட்டும் நம் சீமைக்கருவேலமும் ஒரே பேரினம். இரண்டுக்கும் முள் உண்டு, இனிப்பான காய் உண்டு, வெட்ட வெட்டத் துளிர்க்கும் பிடிவாதமும் உண்டு. அங்கே அச்சடித்த பையில் வந்தால் சுவை, இங்கே வேலியோரம் நின்றால் சனியன்.

அது கண்மாயை அடைத்தது, ஆடுமாட்டின் மேய்ச்சலைக் கெடுத்தது என்பதெல்லாம் எனக்கும் தெரியும். 2017இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அகற்றச் சொன்னபோது அரிவாளோடு போனவர்களில் நானும் ஒருவன். வெட்டுங்கள், யார் வேண்டாம் என்றது? வெட்டியதைச் சும்மா கொளுத்தியதுதான் வயிற்றெரிச்சல். இந்த மாவட்டத்தில் மழை பொய்த்த ஆண்டுகளில் எங்கள் தெருவில் உலை கொதித்தது அந்த முள்ளால்தான்.

மின்மாற்றி பற்றி மின்பணியாளரைக் கேளுங்கள். கொதிகலன் பெல்லட்டைத் தொடவே தொடாதீர்கள். அதில் கடலைத்தோல் இருக்கலாம், பசை தோய்ந்த பிளைவுட் தூள் இருக்கலாம், சாயம் பூசிய பலகை இருக்கலாம். கொதிகலனுக்கு நாக்கு இல்லை, உங்கள் பிள்ளைகளுக்கு இருக்கிறது.

மூட்டை உதிர்வதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. நல்ல பெல்லட்டில் தனியாகப் பசை சேர்ப்பதில்லை. மரத்தூளை அழுத்தும்போது எழும் சூட்டில் மரத்திலேயே உள்ள லிக்னின் இளகி, ஆறும்போது இறுகிக்கொள்கிறது. ஈரம் ஏறினால் மறுபடியும் தூள். அந்தத் தூள், பெல்லட்டைத் தீக்குத் தள்ளும் திருகுத்தண்டில் போய் அடைத்துக்கொண்டால் கிரில் நின்றுவிடும். மூடி இறுகும் டிரம்மில் கொட்டி வையுங்கள். சமையல் முடிந்ததும் கிரில்லின் தொட்டியையும் காலி செய்துவிடுங்கள்.

உங்கள் மனைவி சொன்னது சரி. பல மூட்டைகளில் பெயர்தான் ஆப்பிள், உள்ளே பாதிக்குமேல் ஓக் மரமோ ஆல்டர் மரமோ இருக்கும். அதைவிடப் பெரிய காரணம் இருக்கிறது: சூட்டைக் கூட்டிவைத்தால் அந்தக் கருவி விசிறியால் காற்றை ஊதிச் சுத்தமாக எரித்துவிடும். புகையே இல்லாதபோது ருசி எங்கிருந்து வரும்? சூட்டைக் குறையுங்கள். புகையின் நிறத்தைப் பாருங்கள். எல்லோரும் கட்டையின் பெயரைக் கேட்கிறார்கள், புகையின் நிறத்தைக் கேட்க ஒருவரும் இல்லை.

எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் சித்தப்பா. கடலாடிக்குத் தெற்கே கரிமூட்டம் போடுவதுதான் அவர் பிழைப்பு. கருவேலத்தின் தூரையும் கட்டையையும் நெருக்கி அடுக்கி, வைக்கோல் பரப்பி, மேலே குழைத்த மண் பூசி, அங்கங்கே துளை விட்டுத் தீ வைப்பார். முதலில் கெட்டியான வெள்ளைப் புகை வரும். அது கட்டையின் ஈரம் வெளியேறுவது. நாட்கள் போகப்போகப் புகை மெலிந்து, எதிரே இருக்கும் பனை தெரிகிற அளவுக்கு நீலமாகிவிடும். நீலம் வந்த துளையை மண் வைத்து அடைப்பார். உள்ளே கரி ஆகிவிட்டது என்று அர்த்தம். இரவெல்லாம் பக்கத்திலேயே படுத்திருப்பார். மண் ஒரு விரலளவு வெடித்தாலும் காற்றுப் புகுந்து எல்லாம் சாம்பலாகிவிடும்.

ஒரு தடவை சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று என்னைக் காவல் வைத்துப் போனார். எனக்குப் பத்து வயது. தூங்கிவிட்டேன். விழித்தபோது மூட்டத்தின் கிழக்குப் பக்கம் தீ நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. சித்தப்பா ஓடிவந்து மண்ணை அள்ளி அள்ளிப் போட்டார். பாதி போய்விட்டது. மூன்று வார உழைப்பு. என்னை அவர் அடிக்கவில்லை, திட்டவுமில்லை. விடிந்ததும் மிஞ்சிய கங்கைத் தள்ளி, நாலு சூடை மீனைக் கழுவி உப்புத் தடவி எடுத்துவந்தார். நான் அவசரப்பட்டுக் கங்கில் வைக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார். "வெள்ளைப் புகை போகட்டும்டா. இப்ப வச்சா கசக்கும்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

சீலாவுக்கு எது என்றுதானே கேட்டீர்கள்? ஆப்பிளைப் போடுங்கள், கெடுக்காது. ஆனால் முதலில் சூடையை வைத்துப் பாருங்கள். எண்ணெய் உள்ள மீன், புகையைப் பிடித்துக்கொள்ளும். விசைப்படகு போகாத 61 நாள் தடைக்காலத்திலும் நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவருவார்கள். கொளுத்தியது போக வேலியோரம் எங்காவது ஒரு கருவேலங்கட்டை மிஞ்சியிருக்கும். நன்றாகக் காய்ந்ததும் பட்டையை உரித்துவிட்டு, விரல் நீளத்தில் நாலு சில்லு செதுக்கி, இரும்புத் தட்டில் வைத்துக் கிரில்லுக்குள் ஒரு மூலையில் தள்ளுங்கள். காட்டமான மரம், நாலுக்கு மேல் வேண்டாம். நீலம் வந்ததும் மீனை வையுங்கள். மனைவி என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.