ஏலத்தில் எடுத்தவர் பணம் கட்டவில்லை: அடுத்தவருக்கு விற்றுவிடலாமா?

கேள்வி: என்னிடம் இருந்த பழைய ஃபிலிம் கேமராவையும் அதன் இரண்டு லென்ஸ்களையும் ஓர் இணைய ஏலத் தளத்தில் போட்டேன். எதிர்பார்த்ததைவிட நல்ல விலைக்குப் போனது. ஏலம் எடுத்தவர் "அடுத்த வாரம் அனுப்பிவிடுகிறேன்" என்று ஒரு செய்தி போட்டதோடு சரி. மூன்று வாரம் ஆகிறது, பேச்சு மூச்சில்லை. தளமோ தன் கமிஷனைக் கணக்கில் ஏற்றிவிட்டது. அவருக்கு அடுத்தபடியாகக் கேட்டிருந்தவர், கொஞ்சம் குறைந்த விலைக்கு இப்போதும் வாங்கத் தயார் என்கிறார். அவருக்கு விற்றால் முதலாமவர் பின்னால் வந்து தகராறு செய்வாரா? முதலாமவரிடமே முழுப் பணத்தையும் கேட்டு வழக்குப் போடலாமா? மோசடிப் புகார் கொடு என்கிறார்கள் நண்பர்கள். அவர் பெயரையும் முகவரியையும் சேகரிப்பாளர் குழுக்களில் போட்டுவிடலாமா என்றும் தோன்றுகிறது.

பதில்: அடுத்தவருக்கு விற்கலாம். ஆனால் இன்றைக்கே வேண்டாம். முதலாமவருக்கு எழுத்தில் ஓர் அறிவிப்பு கொடுத்து, ஒரு கெடு வைத்து, அந்தக் கெடு தாண்டிய பிறகு விற்றுவிடுங்கள். உங்கள் நிலையில் இருக்கிற பலர் பணத்தை எப்படிக் கறப்பது என்பதிலேயே குறியாக இருக்கிறார்கள். பொருள் உங்கள் கையில் இருக்கிறது, பெட்டியைக்கூட நீங்கள் ஒட்டவில்லை. இந்த நிலையில் உங்களுக்கு முக்கியமாகத் தேவைப்படுவது முதல் ஒப்பந்தத்திலிருந்து சுத்தமாக வெளியே வருவதுதான்.

நீங்களும் வாங்கியவரும் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. அதனால் பொதுவாக எங்கும் பொருந்துவதைச் சொல்லி, நாட்டுக்கு நாடு மாறும் இடங்களை மட்டும் தனியே காட்டுகிறேன்.

முதலில், ஒப்பந்தம் உண்டா? உண்டு. நேரடி ஏலத்தில் "மூணு தரம்" சொல்லிச் சுத்தியல் விழும்வரை கேட்டவர் பின்வாங்கலாம், விழுந்த பிறகு முடியாது. 1789இல் இங்கிலாந்தில் வந்த பெய்ன் எதிர் கேவ் தீர்ப்பிலிருந்து வரும் விதி இது. 1893ஆம் ஆண்டு ஆங்கிலேயச் சரக்கு விற்பனைச் சட்டத்தில் ஏறி, அங்கிருந்து இந்தியாவின் 1930ஆம் ஆண்டுச் சட்டம் (பிரிவு 64), மலேசியாவின் 1957ஆம் ஆண்டுச் சட்டம் என்று பல நாடுகளுக்கும் போய்விட்டது. இணையத்தில் சுத்தியல் கிடையாது, கடிகாரம்தான். நேரம் முடியும்போது யார் மேலே இருக்கிறாரோ அவருக்கும் உங்களுக்கும் இடையே ஒப்பந்தம் ஏற்படுகிறது என்று பெரும்பாலான தளங்களின் விதிகளே சொல்கின்றன.

நீதிமன்றங்களும் இதை ஏற்றிருக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், பேர்பெற்ற வழக்குகளில் ஓடப் பார்த்தவர் விற்றவர். ஜெர்மனியில் ஒருவர் புது ஃபோக்ஸ்வாகன் பஸ்ஸாட் காரை 10 மார்க்கில் ஏலத்தைத் தொடங்கும்படி போட்டார். அது 26,350 மார்க்கில் முடிந்தது, சந்தை விலையில் பாதிகூட இல்லை. தரமாட்டேன் என்றார். 2001இல் அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம், ஒப்பந்தம் ஒப்பந்தம்தான் என்றது. 2007இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில், ஈபேயில் 1,50,000 டாலருக்குப் போன ஒரு பழைய போர் விமானத்தைத் தர மறுத்தவரையும், ஏலம் எடுத்தவரிடமே ஒப்படைக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. விற்றவரைக் கட்டுகிற கயிறு வாங்கியவரையும் கட்டும். "சும்மா கேட்டுப் பார்த்தேன்" என்பது சட்டத்தின் முன் பதிலே அல்ல.

ஆனால் சில பதில்கள் எடுபடும். ஏலம் கேட்டது 18 வயது ஆகாத பிள்ளை என்றால் வழக்கு நிற்பது கடினம். இந்தியாவில் அப்படிப்பட்ட ஒப்பந்தம் செல்லவே செல்லாது, 1903ஆம் ஆண்டு மோஹரி பீபி வழக்கிலிருந்தே இதுதான் நிலை. ஒரு பூஜ்யம் கூடுதலாகத் தட்டிவிட்டார், அது யார் பார்த்தாலும் தெரிகிற தவறு, உங்களுக்கும் தெரிந்திருக்கும் என்றால், அதைப் பிடித்துக்கொண்டு தொங்க முடியாது. நீங்கள் தொழில்முறை வியாபாரி, வாங்கியவர் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கும் சாதாரண நுகர்வோர் என்றால், காரணமே சொல்லாமல் 14 நாளுக்குள் விலகும் உரிமை பொதுவாக அவருக்கு இருக்கிறது. இணைய ஏலம் அங்கே இந்த விஷயத்தில் 'பொது ஏலம்' ஆகாது. சொந்தக் கேமராவை விற்கும் தனிநபரான உங்களுக்கு இந்தச் சிக்கல் வராது. கடைசியாக ஒன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள், கேட்டுத்தான் ஆகவேண்டும்: விலையை ஏற்ற நண்பர் யாரையாவது கேட்கச் சொன்னீர்களா? சொல்லியிருந்தால் இந்த விஷயத்தை இத்தோடு விட்டுவிடுங்கள். வாங்கியவர் ஒப்பந்தத்தையே உதறிவிடலாம், பல நாடுகளில் அது உங்கள் மேலேயே குற்ற வழக்காகவும் திரும்பும்.

இனி அறிவிப்பு. இதைச் சடங்கு என்று நினைக்க வேண்டாம். பணம் வராதவரை பொருளைக் கையில் வைத்துக்கொள்ளவும், அறிவிப்புக் கொடுத்து நியாயமான அவகாசம் கழிந்த பிறகு வேறொருவருக்கு விற்கவும், அதனால் வந்த நட்டத்தை முதலாமவரிடம் கேட்கவும் விற்றவருக்கு உரிமை உண்டு. இந்தியச் சட்டத்தின் பிரிவு 54 இன்னும் ஒரு படி மேலே போகிறது. அறிவிப்புக் கொடுக்காமல் விற்றால் நட்டஈடு கேட்க முடியாது. போதாததற்கு, மறுவிற்பனையில் கூடுதல் விலை கிடைத்தால் அந்த லாபம் பணமே கட்டாத அந்த ஆளுக்குப் போகும்! அறிவிப்புக் கொடுத்திருந்தால் லாபம் உங்களுடையது. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் பின்பற்றும் சீரான வணிகச் சட்டத் தொகுப்பும், பொது ஏலமாக அல்லாமல் தனிப்பட்ட முறையில் மறுவிற்பனை செய்வதானால் முன்கூட்டியே சொல்லச் சொல்கிறது. ஆக, எந்த நாடாக இருந்தாலும் அனுப்பிவிடுவது நல்லது.

வக்கீல் நோட்டீஸ் தேவையில்லை, நீங்களே எழுதலாம். தளத்தின் செய்திப் பெட்டியிலும் மின்னஞ்சலிலும் ஒரே வாசகத்தை அனுப்புங்கள். இப்படி எழுதினால் போதும்: "இன்ன எண்ணுள்ள ஏலத்தில், இன்ன தேதியில், இன்ன விலைக்கு நீங்கள் எடுத்த பொருளுக்கு இதுவரை பணம் வரவில்லை. இன்ன தேதி மாலைக்குள் முழுத் தொகையும் வந்து சேராவிட்டால், பொருளை வேறொருவருக்கு விற்றுவிடுவேன். விலையில் ஏற்படும் குறைவையும் செலவுகளையும் உங்களிடம் கோரும் உரிமையை நான் விட்டுக்கொடுக்கவில்லை." கெடு ஏழு நாள் என்றால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். திட்டு வேண்டாம், எச்சரிக்கை வேண்டாம். நாளைக்கு இதை ஒரு நீதிபதி படிக்கலாம் என்று நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.

கெடுவுக்குள் பணம் வந்துவிட்டால் பொருளை அவருக்குத்தான் அனுப்ப வேண்டும், அடுத்தவர் எவ்வளவு ஆசைப்பட்டாலும். பணம் வந்ததா என்பதை உங்கள் வங்கிக் கணக்கில் பார்த்து உறுதிசெய்யுங்கள், "பணம் செலுத்தப்பட்டது" என்று வரும் மின்னஞ்சலை நம்பாதீர்கள். வாரக்கணக்கில் வாய் திறக்காதவர் திடீரென்று ஒரு ரசீதுப் படத்தை அனுப்பி "உடனே அனுப்புங்கள், அவசரம்" என்றால் எனக்குச் சந்தேகம்தான் வரும். நீங்கள் விற்ற பிறகு உண்மையாகவே பணம் வந்தால், அன்றே முழுசாகத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இரண்டாமவர் விஷயத்தில் ஒரு நுணுக்கம். அவர் ஏலத்தில் கேட்ட தொகை இப்போது அவரைக் கட்டாது. மேலே ஒருவர் போனதுமே அவருடைய கேட்பு காலாவதியானதாகத்தான் பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். எனவே இது புதிய பேச்சு, அவர் விலை குறைக்கக் கேட்கவும் உரிமை உண்டு. அதில் நியாயமும் இருக்கலாம்: பணம் கட்டும் எண்ணமே இல்லாத ஒருவர் நடுவில் புகுந்து ஏற்றிவிட்டதால்தான் இவரும் அவ்வளவு தூரம் போயிருப்பார். அந்தப் போலிக் கேட்பை எடுத்துவிட்டுப் பார்த்தால், மூன்றாமவர் நின்ற இடத்துக்குச் சற்று மேலேதான் ஏலம் முடிந்திருக்கும். உங்கள் பொருளின் உண்மையான சந்தை விலையும் மூன்றாமவர் கேட்டதற்கும் இரண்டாமவர் கேட்டதற்கும் நடுவில்தான் எங்கோ இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு பேசினால் இரண்டாமவரையும் இழக்க மாட்டீர்கள். விற்பனையைத் தளத்துக்குள்ளேயே, 'இரண்டாம் வாய்ப்பு' வசதி (அடுத்தபடியாகக் கேட்டவருக்கே பொருளைத் தர முன்வருவது) இருந்தால் அதன் வழியாகவே செய்யுங்கள். வெளியே பேசி முடிப்பதைப் பல தளங்கள் தடைசெய்கின்றன. அதோடு, தகராறு வந்தால் காட்ட ஒரு பதிவும் மிஞ்சும்.

முழுப் பணத்தையும் கேட்டு வழக்குப் போடலாமா? பொருளும் உங்களிடமே இருந்து, முழு விலையும் வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலான நீதிமன்றங்கள் சம்மதிக்காது. இங்கிலாந்தில் 1967இல் வெளியான வார்டு எதிர் பிக்னால் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். இரண்டு கார்கள், சேர்த்து 850 பவுண்ட், 25 பவுண்ட் முன்பணம். மீதியை வாங்கியவர் கட்டவில்லை. விற்றவர் அறிவிப்புக் கொடுத்து ஒரு காரை 350க்கு விற்றார். மற்றது விலை போகவில்லை, அதன் மதிப்பு 450. மறுபடி விற்றதுமே பழைய ஒப்பந்தம் முடிந்துவிட்டது, இனி விலை கேட்க முடியாது, நட்டம் மட்டும்தான் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். கணக்குப் போட்டுப் பார்த்தால் நட்டம் 25 பவுண்ட், விளம்பரச் செலவு 22 பவுண்ட் 10 ஷில்லிங். மொத்தம் கிடைத்தது 47 பவுண்ட் 10 ஷில்லிங்.

உங்கள் கணக்கும் இதே மாதிரிதான். முதல் விலை 1,000 என்றும் இரண்டாமவர் 850 தருகிறார் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 150 குறைவு. மறுபடி பட்டியலிட ஏதாவது செலவானால் அதையும் சேர்க்கலாம். தளம் கமிஷனைத் திருப்பித் தந்தால் அதை நட்டத்தில் சேர்க்க முடியாது. மறுவிற்பனையும் நியாயமாக இருக்க வேண்டும்; மைத்துனருக்குப் பாதி விலையில் கொடுத்துவிட்டு மீதிப் பாதியை இவரிடம் கேட்டால் நடக்காது. இந்த 150க்காகக் கோர்ட்டுக்குப் போவதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். வாங்கியவர் உங்கள் நாட்டிலேயே இருந்து, சரியான முகவரியும் இருந்து, அங்கே சிறு வழக்குகளுக்கான நடைமுறையும் இருந்தால் யோசிக்கலாம். எல்லை தாண்டிய ஆள் என்றால் என் கருத்து: விட்டுவிடுங்கள். இந்தியாவில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று சிலர் கேட்பார்கள். வாங்கியவர்மேல் அங்கே புகார் கொடுக்க முடியாது, இங்கே விற்றவர் நீங்கள். சிவில் நீதிமன்றம்தான் வழி. அவசரமில்லை, காலவரம்பு இருக்கிறது: பொதுவாக இந்தியாவில் 3 ஆண்டு, இங்கிலாந்தில் 6, அமெரிக்க வணிகச் சட்டத் தொகுப்பின்படி 4.

ஆனால் ஆதாரத்தை இன்றே எடுத்து வையுங்கள். முடிந்துபோன ஏலப் பக்கங்களைத் தளங்கள் என்றென்றைக்கும் வைத்திருப்பதில்லை. ஏலம் முடிந்த பக்கம், கேட்புகளின் வரிசை, "அடுத்த வாரம் அனுப்பிவிடுகிறேன்" என்ற அந்தச் செய்தி, தளம் அனுப்பிய மின்னஞ்சல் எல்லாவற்றையும் தேதி தெரியும்படி சேமியுங்கள். அந்த ஒற்றை வரிச் செய்தி உங்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். ஏலம் எடுத்தது தான்தான், பணம் தரவேண்டியதும் தான்தான் என்று அவரே ஒப்புக்கொண்ட மாதிரி.

மோசடிப் புகார்? நண்பர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள். மோசடி என்றால் தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும், அதை நிரூபிக்கவும் வேண்டும். வாங்க ஆசைப்பட்டு, பிறகு கையில் காசில்லாமலோ மனசு மாறியோ ஒளிந்துகொள்வது வாக்குத் தவறுதல், அது சிவில் விவகாரம். உங்களிடமிருந்து அவர் எதையும் பறித்துக்கொள்ளவும் இல்லை. பொய்யான ரசீது காட்டிப் பொருளை வாங்கிக்கொண்டு போயிருந்தால் அது வேறு கதை, அப்போது நானே காவல் நிலையத்துக்குப் போகச் சொல்லியிருப்பேன்.

பெயரையும் முகவரியையும் குழுக்களில் போடுவது கூடவே கூடாது. விற்பனைக்காக மட்டும் உங்களுக்குத் தரப்பட்ட விவரம் அது. வெளியிட்டால் தளத்தின் விதியை மீறியவர் நீங்கள் ஆவீர்கள், பல நாடுகளில் தனியுரிமைச் சட்டத்தையும் சேர்த்து. "பணம் கட்டாவிட்டால் போட்டுவிடுவேன்" என்று எழுதுவது இன்னும் மோசம், மிரட்டல் என்று அவர் உங்கள் மேலேயே புகார் கொடுக்க அது போதும். தளத்தில் அவர்மேல் புகார் செய்யுங்கள். அது அவர் கணக்கில் பதிவாகும்.

கமிஷன் விஷயத்தில் மட்டும் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் தளத்தின் பெயரை எழுதவில்லை. ஈபேயில் என்றால், நான்கு நாளில் பணம் வராவிட்டால் ஐந்தாம் நாளிலிருந்து விற்பனையை ரத்து செய்து கமிஷனைத் திரும்பப் பெறலாம், அதற்கும் 30 நாள் கெடு உண்டு. மற்ற தளங்களிலும் இதுபோல ஒரு கெடு இருக்கும். மூன்று வாரம் போய்விட்டது என்கிறீர்கள். அதனால் அறிவிப்பை இன்றே அனுப்பி, உங்கள் ஏழு நாள் கெடு தளத்தின் கெடுவுக்கு முன்பே முடிகிறதா என்று எண்ணிப் பாருங்கள். இடிக்கிறது என்றால் ஐந்து நாளாகக் குறையுங்கள், மூன்று வாரம் காத்திருந்த பிறகு அதுவும் நியாயமான அவகாசம்தான். ரத்து செய்யும்போது தளம் காரணம் கேட்கும். "வாங்கியவர் பணம் செலுத்தவில்லை" என்பதையே தேர்ந்தெடுங்கள். "வாங்கியவர் ரத்து செய்யச் சொன்னார்" என்று அழுத்திவிட்டால், இருவரும் பேசி ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டீர்கள் என்று நாளைக்கு அவர் வாதாட நீங்களே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். "பொருள் கைவசம் இல்லை" என்று அழுத்தினால் பழி உங்கள் கணக்கில் விழும்.