‘அன்லிமிடெட்’ என்று போட்டிருந்தால் நம்பலாமா?

வாசகர் கேள்வி - பதில்

இணையத்தில் கடை நடத்துவது பற்றிக் குமரி மாவட்டத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: தேனும் நேந்திரங்காய் சிப்ஸும் ஆன்லைனில் விற்கிறோம். கடை மென்பொருளில் இருப்பதிலேயே குறைந்த பிளான்தான் எடுத்தோம். மாதம் ஒரு லட்சம் ரூபாய்க்கு ஆர்டர் வருகிறது. பிளானின் மாத வாடகை போகத் தனியாக 2 சதவீதம் பிடிக்கிறார்கள், ஆன்லைனில் பணம் வாங்கித் தருகிற பேமென்ட் கேட்வேக்காரர்களும் பிடிக்கிறார்கள். பெரிய பிளானுக்கு மாறினால் இது நிற்குமா?
- ஒரு வாசகி, மார்த்தாண்டம்

பதில்: நிற்காது அம்மா, குறையும். எவ்வளவு குறையும் என்று கணக்குப் போட்டுவிட்டு மாறுங்கள். மாத வாடகைக்கு ஆன்லைன் கடை அமைத்துத் தருகிற ஷாப்பிஃபையை எடுத்துக்கொள்வோம். அவர்களுடைய சொந்தப் பேமென்ட் வசதி இந்தியாவில் கிடையாது, அதனால் இங்கே கடை வைக்கிறவர்கள் ஆன்லைனில் பணம் வாங்க வெளி கேட்வே ஒன்றைத்தான் இணைத்தாக வேண்டும், அப்படி இணைத்தால் பேசிக் பிளானில் விற்பனைமேல் 2 சதவீதம், அடுத்த பிளானில் 1 சதவீதம். ஒரு லட்சத்துக்கு முதலில் 2,000 ரூபாய் போகிறது. கேட்வேக்காரர் 2 சதவீதமும் அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டியும் எடுக்கிறார் என்றால் அது 2,360. ஆக 4,360 ரூபாய் வாடகைக்கு வெளியே போகிறது. பெரிய பிளானுக்குப் போனால் இதில் முதல் 2,000 மட்டும்தான் 1,000 ஆகும், கேட்வே காசில் ஒரு பைசா குறையாது.

அப்புறம் கணக்கு சுலபம். குறைவது விற்பனையில் 1 சதவீதம், ஆகவே இரண்டு பிளானுக்கும் மாத வாடகையில் உள்ள வித்தியாசத்தை நூறால் பெருக்குங்கள். வித்தியாசம் 4,000 ரூபாய் என்றால் மாதம் நான்கு லட்சம் விற்றால்தான் கட்டுப்படியாகும். இந்தக் கணக்கில் கேட்வே வழியாக வந்த பணத்தை மட்டும் சேருங்கள். கேஷ் ஆன் டெலிவரிக்கும், வாடிக்கையாளர் நேரே வங்கிக் கணக்கில் போடும் பணத்துக்கும் அந்த 2 சதவீதம் கிடையாது. உங்கள் ஆர்டரில் பாதி கேஷ் ஆன் டெலிவரி என்றால் இப்போதைக்கு இருக்கிற பிளானிலேயே இருங்கள்.

கேள்வி: பிளானில் ‘இந்தியா முழுவதும் டெலிவரி’ என்று இருக்கிறது. களியக்காவிளை தாண்டி அனுப்பலாம்தானே?
- ஒரு வாசகர், குழித்துறை

பதில்: மென்பொருள் அனுப்ப விடும். வரிச் சட்டம் வேறு. களியக்காவிளை தாண்டினால் வரும் பாறசாலை நமக்குப் பக்கத்து ஊர், ஆனால் கேரளம், வேறு மாநிலம். வரி உள்ள பொருளை வேறு மாநிலத்துக்கு விற்றால், சில விலக்குகள் தவிர, வியாபாரம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். சிறு வியாபாரிகள் விற்பனைமேல் குறைந்த சதவீதம் வரி கட்டுகிற காம்போசிஷன் முறையில் இருப்பவர் மாநிலம் தாண்டிப் பொருள் விற்கவே முடியாது. முதலில் உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள். பதிவு இல்லையென்றால் ஷிப்பிங் செட்டிங்கில் தமிழ்நாட்டை மட்டும் வைத்துவிட்டு மற்ற மாநிலங்களை எடுத்துவிடுங்கள், இதற்குப் பெரிய பிளான் தேவையில்லை.

கேள்வி: வடசேரியில் நாட்டிய நகைகள் செய்து விற்கிறோம். ஒட்டியாணத்துக்கு அளவு, கல் நிறம், பாலிஷ் மூன்றும் போட்டுவிட்டோம், கயிறா கொக்கியா என்று நான்காவதாகக் கேட்க இடமே இல்லை. கடை அமைத்துத் தந்தவர் பிளானை உயர்த்தச் சொல்கிறார்.
- ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: பணம் கட்டுவதற்கு முன்னால் எழுதினீர்களே, நல்லது. எல்லா வரம்பும் பிளானோடு சேர்ந்து உயராது. நிறைய பேர் தவறவிடுகிற இடம் இதுதான். ஷாப்பிஃபையில் ஒரு பொருளுக்கு மூன்று வகைத் தேர்வுகள்தான், குறைந்த பிளானிலும் மூன்று, அதற்கு மேலேயும் மூன்று. அந்த மூன்றிலிருந்து பிறக்கிற வேரியன்ட், அதாவது சேர்க்கைகளின் உச்ச எண்ணிக்கை வெகுகாலம் 100 ஆக இருந்து 2025-ல் 2,048 ஆனது. உங்களுக்கு அந்த எண்ணிக்கை பிரச்சினையே இல்லை. ஏழு அளவு, சிவப்பு பச்சை வெள்ளை என்று மூன்று கல், இரண்டு பாலிஷ், பெருக்கினால் 42. இடிப்பது நான்காவது தேர்வில், அதற்கு மாதாமாதம் காசு கட்டி ஒரு பிரயோஜனமும் இல்லை.

விலையை மாற்றுகிற விஷயங்களைத் தேர்வில் வையுங்கள். பாலிஷ் விலையை மாற்றும், அளவு மாற்றும். கயிறா கொக்கியா என்பது ஒரே விலை என்றால், அதைப் பொருள் பக்கத்தில் வாடிக்கையாளர் நிரப்புகிற ஒரு பெட்டியாக வைக்கச் சொல்லுங்கள், ஆர்டரோடு சேர்ந்து வந்துவிடும். ஒன்று மட்டும் கவனம்: அந்தப் பெட்டி இருப்புக் கணக்கைப் பார்க்காது. கொக்கி தீர்ந்துபோனாலும் கடை கொக்கி ஆர்டரை வாங்கிக்கொண்டேதான் இருக்கும், தீர்ந்த அன்றே நீங்கள்தான் எடுத்துவிட வேண்டும்.

கேள்வி: அண்ணன் மஸ்கட்டிலிருந்து விலை போடுகிறார், நான் ஆர்டர் பார்க்கிறேன், மதினி பேக்கிங். மூன்று பேருக்கும் ஒரே பாஸ்வேர்டு. ஓடிபி அண்ணன் போனுக்குத்தான் போகிறது, அவர் வேலையில் இருந்தால் எங்களால் உள்ளே போக முடிவதில்லை. ஆள் சேர்க்க வேண்டுமென்றால் பிளானை உயர்த்தச் சொல்கிறது.
- ஒரு வாசகி, தக்கலை

பதில்: ஒரே பாஸ்வேர்டை இன்றைக்கே நிறுத்துங்கள். ஒரு பொருளின் விலை மாறிப்போனால் யார் மாற்றியது என்று தெரியாமல் வீட்டுக்குள்ளேயே மனஸ்தாபம் வரும், அது வாடகையைவிடப் பெரிய நஷ்டம். மதினிக்கு லாகின் தேவையே இல்லை. புது ஆர்டர் வந்ததும் அவர் மெயிலுக்குத் தகவல் போகிற மாதிரி நோட்டிஃபிகேஷன் பகுதியில் சேர்த்துவிடலாம், அதைப் பார்த்துப் பேக் பண்ணினால் போதும். மீதி நீங்களும் அண்ணனும். ஆட்கள் எண்ணிக்கை என்று போட்டிருக்கிற இடத்தில் முதலாளியையும் (கணக்கு யார் பெயரிலோ அவரையும்) சேர்த்து எண்ணுகிறார்களா, முதலாளி போக எண்ணுகிறார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முதலாளி போக ஒருவருக்கு இடம் இருந்தால் இந்தப் பிளானே போதும். ஒருவருக்கும் இடமில்லை என்றால் உயர்த்துவது நியாயமான செலவுதான், தயங்க வேண்டாம்.

கேள்வி: வேர்ட்பிரஸ் தளத்தில் கடை நடத்த வூகாமர்ஸ் போட்டிருக்கிறேன். தளத்தை வைத்திருக்க எடுத்த ஹோஸ்டிங் ‘அன்லிமிடெட்’. ஆனாலும் ‘வரம்பு முடிந்தது’ என்று மெயில் வந்து, படம் ஏற்ற முடியவில்லை. ஏமாற்றுகிறார்களா?
- ஒரு வாசகர், கருங்கல்

பதில்: அன்லிமிடெட் என்றால் எது என்று பாருங்கள் தம்பி. பெரும்பாலும் அது இடத்துக்கு மட்டும். எத்தனை கோப்புகள் வைக்கலாம் என்பதற்குத் தனி வரம்பு இருக்கும், ‘ஐநோட்’ என்று எழுதியிருப்பார்கள், அதுவும் விலைப் பட்டியலில் இராது, விதிமுறைப் பக்கத்தில் உள்ளே கிடக்கும். இப்படி ஒளித்து வைப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

வூகாமர்ஸில் பொருள் எண்ணிக்கைக்கு வரம்பில்லை. ஆனால் நீங்கள் ஒரு படம் ஏற்றினால் வேர்ட்பிரஸ் அதைச் சின்னது, நடுத்தரம், பெரியது என்று பல அளவில் நகல் எடுத்து வைக்கும், வூகாமர்ஸ் தன் பங்குக்கு இன்னும் சில எடுக்கும். படத்துக்குப் பத்துக் கோப்பு என்று வைத்தால், 500 பொருள், பொருளுக்கு நான்கு படம், 20,000 கோப்பு. மெயில்களும் பழைய பேக்கப்பும் அதே கணக்கில்தான் சேரும். பேக்கப்பை உங்கள் கம்ப்யூட்டருக்கு இறக்கிவிட்டு அங்கே அழியுங்கள், தளத்தின் தோற்றத்தைத் தருகிற தீம் பயன்படுத்தாத பட அளவுகளை நிறுத்துங்கள். பிளானை மாற்றுவதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

கேள்வி: ஓணத்துக்காகப் பெரிய பிளான் எடுத்தேன். முடிந்ததும் இறங்கிவிடலாமா?
- ஒரு வாசகி, குலசேகரம்

பதில்: மாதக் கட்டணம் என்றால் இறங்கலாம். வருடத்துக்கு மொத்தமாகக் கட்டியிருந்தால் மீதிப் பணம் திரும்புமா என்று முதலில் கேளுங்கள். இறங்கும்போது கூடுதலாகச் சேர்த்த ஆட்களின் லாகின் போகலாம், பெரிய பிளானில் மட்டும் உள்ள ரிப்போர்ட்டுகள் பிறகு திறக்காமல் போகலாம். ஆகவே ஆர்டர், வாடிக்கையாளர், பொருள் பட்டியல் மூன்றையும் எக்செல்லில் திறக்கிற சிஎஸ்வி கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், ஓண விற்பனை ரிப்போர்ட்டையும் சேர்த்து. உங்களுக்குக் கிறிஸ்துமஸ் கேக்கும் உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆர்டர்கள் நவம்பரிலேயே வரத் தொடங்கும் என்றால் இடையில் ஒன்றிரண்டு மாதத்துக்காக இறங்கி ஏற வேண்டாம், ஜனவரியில் பணம் திருப்பிக் கொடுக்கிற வேலையெல்லாம் முடித்துவிட்டு இறங்குங்கள்.