எம்.பி., எம்.எல்.ஏ. கணக்குகளை எங்கே, எப்படிப் பார்ப்பது? குமரி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

எங்கள் எம்.பி. எந்தெந்த மசோதாவுக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டார் என்ற பட்டியல் எங்கே கிடைக்கும்? (கருங்கல்)

முழுப் பட்டியல் எங்கும் கிடையாது. யாரும் ஒளித்து வைத்ததால் அல்ல. பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. "ஆம்" என்ற சத்தம் பெரிதா, "இல்லை" என்ற சத்தம் பெரிதா என்பதோடு முடிந்துவிடும், பெயர் பதிவாகாது. உறுப்பினர்கள் வற்புறுத்தி டிவிஷன் எனும் எண்ணும் வாக்கெடுப்பைக் கேட்டால்தான் பெயர்வாரியாகப் பதிவாகும். அரசியலமைப்புத் திருத்தம் என்றால் சிறப்புப் பெரும்பான்மை தேவை என்பதால் எண்ணியே ஆகவேண்டும். 2023 செப்டம்பரில் மகளிர் இட ஒதுக்கீட்டு மசோதாவுக்கு மக்களவையில் 454 பேர் ஆதரவு, 2 பேர் எதிர்ப்பு என்று துல்லியமாகத் தெரிந்தது அப்படித்தான்.

டிவிஷன் நடந்த தேதி தெரிந்தால், மக்களவை இணையதளத்தில் அந்த நாளின் விவாதப் பதிவைத் திறந்து கடைசிவரை படியுங்கள். ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலை என்று பெயர்கள் இருக்கும். பலர் தவறவிடுவது அடிக்குறிப்பை. மின்னணுப் பொத்தானை அழுத்தத் தவறியவர்கள் சீட்டு எழுதிக் கொடுத்திருப்பார்கள். அவர்கள் பெயர் அங்கேதான் வரும். பட்டியலில் காணோம் என்றவுடன் "ஓடி ஒளிந்துகொண்டார்" என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று, கொறடா உத்தரவை (இப்படித்தான் ஓட்டுப் போட வேண்டும் என்ற கட்சிக் கட்டளையை) மீறி வாக்களித்தால், கட்சித்தாவலைத் தடுக்கும் அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணைப்படி பதவியே போகலாம். ஆகவே அந்த ஓட்டு பெரும்பாலும் கட்சியின் ஓட்டு. உறுப்பினரின் சொந்த அக்கறை தெரிவது அவர் எழுப்பும் கேள்விகளில்.

சட்டமன்றத்திலும் அப்படித்தானா? (தக்கலை)

அங்கே இன்னும் அரிது. 2017 பிப்ரவரி 18 நம்பிக்கை வாக்கெடுப்பைப் போல எப்போதாவது பகுதி பகுதியாக எழுந்து நிற்கச் சொல்லி எண்ணுவார்கள் (அன்று ஆதரவு 122, எதிர்ப்பு 11). மற்ற நாட்களில் மானியக் கோரிக்கை (துறைவாரியாக நிதி கேட்பது) விவாதத்தில் பேசினாரா, அந்த நிதியைக் குறைக்கக் கோரும் வெட்டுத் தீர்மானமோ கவன ஈர்ப்போ கொடுத்தாரா என்று அவை நடவடிக்கைக் குறிப்பில் தேடுவதே பயன் தரும்.

எம்.பி.யின் வருகை 90 சதவீதத்துக்கு மேல் என்று போஸ்டர் பார்த்தேன். நல்ல உறுப்பினர்தானே? (குளச்சல்)

அவைக்கு வந்ததாகப் பதிவு செய்திருக்கிறார் என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. காலையில் பதிவு செய்துவிட்டுப் போனாலும் முழு நாள்தான். அமைச்சர்கள் அந்தப் பதிவேட்டில் கையெழுத்திடுவதில்லை, அவர்களோடு ஒப்பிட முடியாது. 2023 குளிர்காலக் கூட்டத்தொடரில் இரு அவைகளிலுமாக 146 பேர் இடைநீக்கமானார்கள். அப்படிப்பட்டவரின் குறைந்த வருகையைச் சோம்பல் என்று சொல்வது நியாயமல்ல.

நம் மாவட்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. கன்னியாகுமரி மக்களவைத் தொகுதிக்கு 2021-லும், விளவங்கோட்டுக்கு 2024-லும் இடைத்தேர்தல் நடந்தது. நடுவில் வந்தவரின் மொத்த எண்ணிக்கையை ஐந்தாண்டு இருந்தவரோடு ஒப்பிடாமல், அவர் பதவியேற்ற நாளிலிருந்து நடந்த அமர்வுகளால் வகுத்துப் பாருங்கள்.

தேங்காய்ப்பட்டணம் துறைமுகம் பற்றி நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்டாரா என்று தேடினால் ஒன்றுமே வரவில்லையே? (இனயம்)

எழுத்துக்கூட்டலைப் பாருங்கள். மாவட்டப் பெயரையே ஆங்கிலத்தில் ஒரு 'என்' போட்டும் இரண்டு 'என்' போட்டும் எழுதுகிறார்கள். தேங்காய்ப்பட்டணத்துக்கு இன்னும் அதிக வடிவங்கள். ஊர்ப் பெயரை விட்டுவிட்டு உறுப்பினர் பெயரையும் மீன்வளத் துறையையும் தேர்ந்தெடுத்து வடிகட்டுவது எளிது. ரப்பர் என்றால் வர்த்தகத் துறை, இரட்டை ரயில் பாதை என்றால் ரயில்வே.

எண்ணிக்கையில் மயங்க வேண்டாம். ஒரே பொருளில் பலர் கொடுத்த கேள்விகளைச் சேர்த்து அத்தனை பேர் பெயரையும் போட்டுவிடுவார்கள். ஒரு நாளில் நட்சத்திரக் கேள்விகள் (அவையில் வாய்மொழியாகப் பதில்) 20, நட்சத்திரமில்லாதவை (எழுத்தில் பதில்) 230 வரை. முதல் வகையில்தான் அவையில் எழுந்து துணைக் கேள்வி கேட்கலாம். அந்த 20-லும் சிலவற்றுக்குத்தான் நேரம் கிடைக்கும். அமைச்சர் "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் தந்திருந்தால், அது உறுதிமொழியாகக் கணக்கில் சேர்ந்ததா என்று அரசு உறுதிமொழிக் குழு அறிக்கையில் பாருங்கள். அந்தப் பதிலை எம்.பி. பின்தொடர்ந்தாரா என்பதை நான் வருகைச் சதவீதத்தைவிடப் பெரிதாக மதிப்பேன்.

தொகுதி நிதியில் கட்டிய பயணியர் நிழற்குடைக்கு எவ்வளவு ஆனது என்று தெரிந்துகொள்ள வேண்டும். (ஆரல்வாய்மொழி)

எம்.பி.க்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய், தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.வுக்கு 3 கோடி. அவர்கள் பரிந்துரைக்க மட்டுமே முடியும், பணம் அவர்கள் கைக்கு வராது. அனுமதி தருவது மாவட்ட நிர்வாகம். எம்.பி. நிதிப் பணியில் மதிப்பீட்டுத் தொகையுடன் பலகை வைக்க வேண்டும் என்பது விதி. பெயர் மட்டும் ஆளுயரத்துக்கு இருந்து தொகையைக் காணவில்லை என்றால் மனு எழுதுங்கள்.

நாகர்கோவில் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி தகவல் உரிமை மனு அனுப்பலாம். "ஏன் இவ்வளவு செலவு?" என்று கேட்டால் பதில் வராது, ஆவணத்தைக் கேளுங்கள். நிர்வாக அனுமதி ஆணையின் எண்ணும் தேதியும், எந்த நிதித் தலைப்பு, மதிப்பீடு, இதுவரை வழங்கிய தொகை, செயல்படுத்திய துறை, எம்-புக் எனும் அளவுப் புத்தகத்தின் அந்தப் பணிக்குரிய பக்கங்கள் ஆகியவை போதும். நிதித் தலைப்பு முக்கியம். ஊராட்சி ஒன்றியப் பணத்தில் போட்ட சாலைக்கு "என் முயற்சியால்" என்று ஃப்ளெக்ஸ் வைப்பது நம் ஊரில் புதிதல்ல. மாநிலங்களவை உறுப்பினர் தம் நிதியை மாநிலத்தின் எந்த மாவட்டத்துக்கும் தரலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் தகவல் உரிமைச் சட்டத்தின் 6(3) பிரிவின்படி 5 நாளில் உரிய இடத்துக்கு மாற்ற வேண்டியது அவர்கள் பொறுப்பு.

தேர்தல் செலவுக் கணக்கை வாக்காளர் பார்க்க முடியுமா? (அருமனை)

முடியும். முடிவு அறிவித்த 30 நாளுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும் மாவட்டத் தேர்தல் அலுவலரான ஆட்சியரிடம் கணக்குத் தர வேண்டும். 1 ரூபாய் கட்டிப் பார்வையிடலாம். கட்டணம் செலுத்தி நகலும் வாங்கலாம். வேட்பாளரின் செலவுப் பதிவேட்டில் வெள்ளைப் பக்கம் அன்றாடச் செலவு, இளஞ்சிவப்பு ரொக்கம், மஞ்சள் வங்கிக் கணக்கு. மூன்றையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். வெள்ளையில் உள்ள பந்தல் வாடகை மற்ற இரண்டில் எதிலும் இல்லையென்றால், காசு எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம்.

2022 ஜனவரி முதல் உச்சவரம்பு சட்டமன்றத்துக்கு 40 லட்சம், மக்களவைக்கு 95 லட்சம். ஆறு சட்டமன்றத் தொகுதியும் சேர்ந்ததுதான் நம் மக்களவைத் தொகுதி. அதே மண்ணில் ஒரே கட்சியின் ஆறு எம்.எல்.ஏ. வேட்பாளர்கள் 2 கோடியே 40 லட்சம் செலவழிக்கலாம், எம்.பி. வேட்பாளருக்கு 95 லட்சம்தான்! வேட்புமனு நாளுக்கு முன் செய்த செலவு, மனுவுக்குப் பின் பயன்படுத்தும் பிரசாரப் பொருளுக்கு ஆனதைத் தவிர, இதில் வராது. நட்சத்திரப் பேச்சாளரின் பயணச் செலவும் கட்சிக் கணக்கில் போய்விடும். ஆனால் வேட்பாளர் அவரோடு மேடையில் நின்றால் கூட்டச் செலவில் பங்கு இவர் தலையில் ஏறும்.

வரம்பை மீறியிருக்கிறார் என்று சந்தேகம் வந்தால் நாள்களை எண்ணுங்கள். உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குத் தொடர, முடிவு வந்ததிலிருந்து 45 நாள்தான் அவகாசம். அந்தத் தொகுதியின் எந்த வாக்காளரும் தொடரலாம். கணக்கு முப்பதாவது நாளில் வந்தால் உங்களிடம் மிஞ்சுவது 15 நாள். எனவே பிரசாரத்தின்போதே ஃப்ளெக்ஸ், வாகனம், நாற்காலி எண்ணிக்கையைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். பொருள்களுக்கு எந்த விலையில் கணக்கிடுவது என்ற பட்டியலையும் தேர்தல் நேரத்திலேயே ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.